ஈவு

சுவாச ஈவு என்று பாடப்புத்தகத்தில் பெயர்.
விட்ட காபனீரொட்சைட்டை
எடுத்த ஒட்சிசனால் வகுத்தால் வருவது.
தலவாக்கலைக்கு மேலே, தகரக் கூரை ஆய்வுகூடத்தில்
எனக்குச் சம்பளம் அந்த வகுத்தலுக்கு.
குடுவைக்குள் இலையை அடைப்பேன்,
கறுப்புத் துணி போர்த்துவேன்,
வளைந்த குழாயில் நிறத்தண்ணீர்
ஏறுவதையும் இறங்குவதையும்
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை எழுதுவேன்.

மாப்பொருளை எரிக்கும் இலைக்கு ஈவு ஒன்று.
பத்து வாங்கினால் பத்து திருப்பும்,
பக்கத்துக் காம்பராவில் கடன் வாங்கிய சீனியை
அதே கோப்பையால் அளந்து கொடுப்பது போல.

தேயிலை விதைக்குள் எண்ணெய்.
முளைக்கையில் பத்து வாங்கி ஏழுதான் கொடுக்கும்.
மிச்சம் மூன்று எங்கே என்று கேட்டால்
ஒரு வெள்ளை வேரைக் காட்டும்.

கவ்வாத்து வெட்டுமுன்
வேரில் ஒரு துண்டு நறுக்கி அயடின் விடுவோம்.
கருநீலமானால் சேமிப்பு இருக்கிறது, வெட்டலாம்.
வெளுத்தே கிடந்தால்
'பொறுக்கவும்' என்று எழுதுவோம்.
இலையே இல்லாத அந்த வாரங்களில்
குச்சி தன் வேரைத் தின்றுதான் மூச்சுவிடும்.
வெயில் முழுக்க மேலே விழும்,
வாங்க ஒரு கை இருக்காது.

பாக்கியசோதி மதினி
தோட்டை இரண்டாம் முறை அடகு வைத்த மாசியில்
யாரும் அயடின் கொண்டு வரவில்லை.

ஓர் ஆவணி வியாழன், மழை.
கீழ் வளைவில் லொறி படுத்துவிட்டது.
கொழுந்து மடுவத்தில் நாலு மணிநேரம்
சாக்குகள் ஒன்றன்மேல் ஒன்றாய்.
மதினியின் சாக்குக்குள் கை விட்டேன்:
முழங்கை வரை காய்ச்சல்.

"ஏன் தம்பி கொதிக்குது?"
"மூச்சு விடுது மதினி. பறிச்சா உடனே சாகாது."

நடுச்சாக்கில் காற்றில்லை.
காற்றில்லாத இடத்தில் இலை
வாங்குவதை நிறுத்தும்,
கொடுப்பதை நிறுத்தாது.

ஊசிக்குழாயால் உள்ளிருந்து கொஞ்சம் உறிஞ்சி
இறப்பர் மூடிக்குள் அடைத்து
மழையில் ஓடினேன்.
மூன்று புள்ளி நான்கு.
லேசான சாராய வாடை.

ரத்னமலல சேர் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.
"கருவியில பிழை. திரும்ப எடுங்க."

கணக்கப்பிள்ளையின் கருவியில் பிழையே இல்லை.
ஈரத்துக்கு ஒன்று, சாக்குக்கு ஒன்று,
சிவந்ததுக்கு இரண்டு.
பத்தொன்பது கிலோ பதினைந்தாகி
பேர் அரைப்பேராகியது.
மதினி தராசைப் பார்க்கவில்லை.
விரல் நுனிக் கறையை நகத்தால் சுரண்டிக்கொண்டே,
"மூச்சு விட்டதுக்கும் வெட்டுறாங்களா?"

திரும்ப எடுத்தேன்.
மூன்று புள்ளி ஐந்து.

ஈவு என்றால் வகுத்து வந்த விடை.
அகராதியில் கொடை என்றும் இருக்கிறது.
எங்கள் லயத்தில் நான் கேட்டதெல்லாம்
இரக்கத்தோடு சேர்த்து,
அதுவும் 'இல்லாத பயலுக' என்று முடியும் பேச்சில்.

இந்த மாதம் எனக்கு விடியற்காலை முறை.
நான்காம் நம்பர் மலையில்
உயிரோடு இருக்கும் கிளையிலேயே
கண்ணாடிப் பெட்டியை மாட்டி உட்கார்ந்திருக்கிறேன்.
இரவெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்திருந்த முள்
பனி வெளுக்க வெளுக்க நகர்ந்து
ஆறு இருபதுக்குப் பூச்சியத்தில் நிற்கிறது.
ஈடுசெய் புள்ளி.
வெளியே இருந்து பார்த்தால்
இலை எதையும் வாங்கவில்லை, கொடுக்கவில்லை.
உள்ளே இரண்டும் நடக்கின்றன,
விட்டதை வெளியே விடாமலே
திரும்ப எடுத்துக்கொள்கிறது.

நாலு நிமிடம். சில நாள் ஐந்து.

பெரட்டுக்குப் போகிறவர்கள் கீழ் றோட்டில்.
படங்கு கட்டிய இடுப்பு, தலையில் கூடைக் கயிறு,
ஏற்றத்தில் மதினி நின்று மூச்சு வாங்குகிறாள்.
வாங்குகிறாள் என்றுதான் சொல்கிறோம்,
வெளியே வரும் வெள்ளைப் புகைதான் தெரிகிறது.

குறிப்பேட்டில் நேரம், வெப்பம், வெளிச்சம்.
முள் நகர்ந்துவிட்டது,
நான் எழுதுவதற்குள்.